சந்தனம் பூசிய மவுஸ்

ஏசி ரூமுக்குள் சந்தனமும் கற்பூரமும் கலந்த வாசனை... கூடவே, வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வந்த எல்லோருடைய சாக்ஸ் வாசனையும்.

தொண்ணூறுகளின் நடுவில், பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் பிடித்து வந்து நான் டாஸ் சொல்லிக்கொடுப்பேன். கறுப்பு ஸ்கிரீன், மினுக்கும் ஒரு சின்னக் கோடு. நாம் டைப் அடித்தால்தான் எதுவும் நடக்கும்.

முரளி விண்டோஸ் சொல்லிக்கொடுப்பான். சென்டருக்கே ஒரே ஒரு மவுஸ். அது அவனிடம்தான் இருக்கும்.

எங்களுக்குள் ஓயாத சண்டை.

"புதுசா வர்றவங்களை இருட்டு ரூம்ல தள்ளிக் கதவைச் சாத்துற மாதிரி இருக்கு கலா, உன் கிளாஸு. படத்தைக் காட்டு, அமுக்கச் சொல்லு, சந்தோஷமாப் போவாங்க."

"அமுக்கத் தெரிஞ்சா போதுமா? அவங்க சொல்லி மிஷின் கேக்க வேணாமா?"

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஓனர் ஒருநாள் சொல்லிவிட்டார்: "விஜயதசமி அட்மிஷன்ல டாஸுக்கு ஆள் சேரலைன்னா தீபாவளியோட அதை மூடிடலாம்மா."

டாஸ் நின்றால் என் வேலையும் நிற்கும். அப்பா ரிட்டயர் ஆகும் வருஷம் அது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நெமிலிச்சேரியில் வாடகை வீடு பார்த்துக்கொண்டிருந்தோம். என் சம்பளத்தை நம்பித்தான்... ஆயுத பூஜைக்குப் பொரி பொட்டலம் கட்டும்போதுகூட மனசுக்குள் வாடகைக் கணக்குதான் போட்டுக்கொண்டிருந்தேன்.

பூஜைக்கு எல்லா கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்தது முரளிதான். மானிட்டருக்கு ஒரு பொட்டு, கீபோர்டுக்கு ஒரு பொட்டு. அவனுடைய செல்ல மவுஸுக்கு மட்டும் முதுகு, வயிறு என்று முழு மரியாதை. பூஜையில் வைத்ததை அன்றைக்கு யாரும் தொடக்கூடாது இல்லையா... ராத்திரி முழுக்க அப்படியே இருந்தது.

மறுநாள் விஜயதசமி. காலையிலேயே மாடிப்படி முழுக்கக் கூட்டம். முரளி தலைவாரிப் பவுடர் போட்டு, எல்லோரையும் சுற்றி நிற்கவைத்து, மவுஸை நகர்த்தினான்.

ஸ்கிரீனில் அம்பு அசையவில்லை.

தட்டினான், உதறினான். கவிழ்த்து மூடியைத் திறந்தால், உள்ளே உருளும் குண்டு மஞ்சள் பூசின நெல்லிக்காய் மாதிரி வெளியே விழுந்தது. சந்தனம் காய்ந்து உள்ளே இறுகிக் கிடந்தது.

"கலா... ஹேர்பின் இருக்கா?"

கொடுத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான்.

"கலாம்மா, அதுவரைக்கும் நீங்க எதையாவது காட்டுங்களேன்!" என்று ஓனர் பதறினார்.

முன்னால் நின்றிருந்தவர் ஏழுமலை அண்ணன். நூம்பலில் விவசாயக் குடும்பம், கூடவே மணல் லாரியும் ஓடிக்கொண்டிருந்தது. கையில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கல்கண்டு வைத்த தட்டு.

"பையன் எங்கேங்க?" என்றார் ஓனர்.

"பையன் இன்னாத்துக்கு? நான்தான் படிக்க வந்துகீறேன்."

என் டாஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர் கைகளை மடியை விட்டு எடுக்கவே இல்லை. "தொட்டா எதுனா ஆய்டுமா டீச்சரம்மா? லட்ச ரூபா பொருளாமே..."

"ஒண்ணும் ஆகாதுண்ணே. மனசுல பட்டதை அடிங்க."

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தன் பெயரையே ஆங்கிலத்தில் அடித்தார். என்டர் தட்டினார்.

Bad command or file name.

"இன்னா சொல்து?"

"நீங்க சொன்னது புரியலையாம்."

"திட்டுதா?"

"லேசா..."

மானிட்டரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். புகை வருகிறதா என்று பார்த்தாரோ என்னவோ. அப்புறம் முகமெல்லாம் சிரிப்பு. "திட்டிச்சு... ஆனா ஒண்ணும் ஒடையலையே!"

அவ்வளவுதான், பயம் போயிற்று. ஆசைப்பட்டே இன்னும் ரெண்டு திட்டு வாங்கினார். பிறகு, அவர் பெயரில் ஒரு இடம் ஒதுக்கச் சொல்லும் கட்டளையை அடிக்கவைத்தேன். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று DIR அடித்துக் கேட்டதும் பட்டியலில் அவர் பெயர் வந்து நின்றது. எட்டு எழுத்துக்கு மேல் டாஸ் ஏற்காது என்பதால் கடைசி எழுத்து மட்டும் காணோம்.

"பேர்ல ஒரு எழுத்த முழுங்கிக்கிச்சு, பரவால்ல... எங்க ஊட்ல எவன் நான் சொல்றதைக் கேக்குறான்? இது கேக்குது! டீச்சரம்மா, என்னை இந்தக் கறுப்பு கிளாஸ்லயே போடு."

பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் தங்கள் பெயரை உள்ளே பார்க்க ஆசை வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் டாஸ் பேட்ச் நிரம்பிவிட்டது. நான் பாத்ரூமுக்குள் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

முரளி மஞ்சள் விரல்களோடு ஹேர்பின்னைத் திருப்பித் தந்தான். "வளைஞ்சுடுச்சு கலா, சாரி."

படத்தைக் காட்டு, அமுக்கச் சொல்லு என்று அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கொஞ்ச வருஷத்தில் எல்லாமே மவுஸ் ஆகிவிட்டது, நானும் விண்டோஸ்தான் எடுத்தேன். அம்பை மேலே கொண்டுபோகச் சொன்னால் ஏழுமலை அண்ணன் மவுஸையே அந்தரத்தில் தூக்கிக் காட்டியது தனிக்கதை.

கம்ப்யூட்டர் டீச்சர்கள் பேசிக்கொள்ளும் நம் போன் குரூப்பில் இன்றைக்கு அதே சண்டை... புதிதாகப் படிக்கும் பிள்ளைகளைக் கறுப்பு ஸ்கிரீனில் விடலாமா என்று. விடுங்கள் என்பதுதான் என் கட்சி. ஒருநாளாவது விடுங்கள். முதல் நாளே நன்றாகத் திட்டு வாங்கட்டும்.

இப்போது என் போன் யாரையும் திட்டுவதில்லை. தப்பாகத் தொட்டால் அதுவே 'சாரி' கேட்கிறது. ஆனாலும் என் வயதுக்காரர்கள் பலர் போனைத் தொடவே நடுங்குகிறார்கள். எதையாவது அமுக்கிவிடுவோமோ, என்னமோ ஆகிவிடுமோ என்று.

போன வாரம் மகள் லேப்டாப்பில் ஒரு கறுப்பு ஸ்கிரீனைத் திறந்து வைத்துவிட்டு டீ போடப் போனாள். சும்மா இருக்க முடியவில்லை. என் பெயரை அடித்து என்டர் தட்டினேன்.

command not found என்றது.

"என்னம்மா பண்றே?" என்று ஓடி வந்தாள்.

"ஒண்ணுமில்லடி... இன்னும் திட்டுதான்னு பார்த்தேன். ஒண்ணும் உடையலை."