பாதித் திரையை மறைத்த நோட்டு

எங்கள் நூற்பாலைக்குள் சேதி அனுப்பிக்கொள்ளத் தனியாக ஒரு சாட் சர்வர் ஆபீஸ் மூலையில் ஓடியது. ஒருநாள் காலை அது நின்றுபோனது. பழுது பார்க்க வடமதுரையிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், மூக்குக்கண்ணாடியின் உடைந்த காலில் நூல் சுற்றியிருந்தார். உட்கார்ந்ததும் ஒரு நீள நோட்டை எடுத்துத் திரையின் வலப்பாதியை மறைத்துப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் ஓடிய வரிகளின் நேரத்தை மட்டும் முணுமுணுத்துப் படித்தார்.

பக்கத்தில் நின்ற நான் கேட்டேன்: “எதுக்குண்ணே மறைக்கிறீங்க?”

“நீங்க அனுப்புன சேதியெல்லாம் லாக்குல, சர்வரோட பதிவேட்டுல, அப்படியே பதிஞ்சிருக்கு அப்பு. யாரோ அப்படி வச்சிருக்காக. அதான் டிஸ்க் ரொம்பி நின்னுருச்சு. அடுத்தவுக பேச்சு எனக்கெதுக்கு? நேரமும் கோளாறும் தெரிஞ்சாப் போதும்.”

மேனேஜருக்குத் தெரியாமல் தொழிற்சங்கம் தொடங்குவது பற்றி நாங்கள் நால்வர் ஒரு மாதமாக அதில்தான் எழுதிக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்து பழுது பார்ப்பவரின் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

“என்னய்யா, லாக்குல என்ன இருக்கு?”

நோட்டு அசையவில்லை. “வெறும் குப்பை சார். அழிச்சாத்தான் சர்வர் ஓடும்.” மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் அழித்துவிட்டார்.

வழியனுப்ப வாசல்வரை போனேன். வண்டியைக் கிளப்பியவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: “சங்க விசயத்த இனி நேர்ல பேசிக்கங்க.”

அப்படியானால் நோட்டுக்குப் பின்னால் இருந்ததையும் படித்திருக்கிறார். அவர் நல்லவர்தான். ஆனாலும் எங்கள் நால்வர் பெயரும் தெரிந்த ஒருவர் வெளியே நடமாடுகிறார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.