பிளக்குக்கு வைத்த பொட்டு

அன்று எங்கள் பிக்கப் வண்டி நடுவழியில் நின்றது மாமா மாற்றிச் சொருகிய வயராலா, அல்லது நான் வைத்த பொட்டாலா? இரண்டு வருடமாகிவிட்டது. இன்னும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. துணி துவைக்கும்போதும் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதும் இதே கேள்வி வந்து நிற்கிறது. வயர்தான் என்று ஒரு நாள் மனதைத் தேற்றிக்கொள்வேன். மறுநாளே, இல்லை, பொட்டுதான் என்று தோன்றிவிடும்.

மாமா என்று நான் சொல்வது என் கணவரின் தகப்பனாரை. பூண்டுலோயாவில் மரக்கறி வியாபாரம் செய்கிறார். கோவா, லீக்ஸ், கரட் மூட்டைகளைப் பிக்கப்பில் ஏற்றி நானுஓயா ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவார். பிரஜாவுரிமை கேட்டு அவர் எழுதிப்போட்டிருந்த விண்ணப்பத்துக்கு, பத்து வருடம் கழித்து விசாரணைக் கடிதம் வந்திருந்தது. விண்ணப்பம் போட்டபோது சிறுவனாக இருந்த என் கணவரின் பெயரும் அதிலேயேதான் இருக்கிறது. அது தள்ளுபடியானால் மாமாவுக்கும் நாடில்லை, என் கணவருக்கும் நாடில்லை, அப்போது ஆறு மாதக் கைக்குழந்தையாக இருந்த என் மகளுக்கும் இல்லை. காலை ஒன்பது மணிக்கு நுவரெலியாவில் இருக்க வேண்டும். விசாரணை நாள் ஆயுத பூஜைக்கு மறுநாள் விழுந்திருந்தது.

இப்படிப்பட்ட நாளுக்கு முதல்நாள் யாராவது ஓடுகிற வண்டியைக் கழற்றுவார்களா? மாமா கழற்றினார். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பழைய பிளக்குகள் ஏற்றத்தில் திணறுகின்றன, அவற்றுக்கு மின்சாரம் கொண்டுபோகும் வயர்களின் மேலுறை வெடித்துவிட்டது, பனி இறங்கினால் வண்டி இருமுகிறது என்பதெல்லாம் உண்மைதான். அதற்காக ஹட்டனில் புது பிளக்கு நான்கும் வயர்களும் வாங்கி இரண்டு வாரமாகிவிட்டது. அன்றைக்கே மாட்டியிருக்கலாம். "புதுச் சாமானை ஆயுத பூஜைக்குச் சாமிகிட்ட வச்சுட்டுத்தாம்மா மாட்டணும்" என்று பெட்டியைப் பிரிக்காமல் வைத்துவிட்டார். ரயிலில் போகலாமே, வட்டகொடையில் ஏறினால் நானுஓயாவில் இறங்கிவிடலாமே, அங்கிருந்து நுவரெலியா கிட்டத்தானே என்று என் கணவர் மெதுவாகச் சொன்னார். "சொந்த வண்டி வச்சிருக்கவன் ரயில்ல போயி இறங்குனா, இவனுக்கு இந்த நாட்டுல என்ன இருக்குன்னு விசாரிக்கிற தொர கேக்க மாட்டானா?" என்றார் மாமா. அதற்குமேல் என் கணவர் பேசவில்லை. அவர் எப்போதுமே அதற்குமேல் பேசுவதில்லை.

பூஜையன்று மத்தியானம் வாசலில் வண்டியை நிறுத்தி, பழைய வயர்கள் அத்தனையையும் மாமா ஒரே மூச்சில் பிடுங்கினார். நான் வண்டியைப் பற்றிப் படித்தவள் அல்ல. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். இருந்தாலும் எனக்கே தோன்றியது. "ஒண்ணொண்ணா கழட்டி ஒண்ணொண்ணா மாத்துனா எடம் மாறாதுங்களே மாமா?" என்று கேட்டேன். "பாதி எஞ்சின்லயும் பாதி சாமிகிட்டயுமா இருக்கும்? எல்லாத்தையும் ஒண்ணாத்தான் வைக்கணும்" என்றார். அப்படியானால் கடுதாசித் துண்டில் நம்பர் எழுதிக் கட்டட்டுமா என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாலு புள்ள பெத்தவன் நான். நம்பர் போட்டா வளத்தேன்? எது எதுன்னு எனக்குத் தெரியாதா?" எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், மாமா என் கணவரைக் கூப்பிட வேண்டுமென்றால் மற்ற மூன்று பிள்ளைகளின் பெயரையும் சொல்லி முடித்த பிறகுதான் சரியான பெயருக்கு வருவார். அதை நான் சொல்லிக்காட்ட முடியுமா?

தராசு, கத்தி, ஸ்பானர், என் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றோடும் புது பிளக்குகளும் வயர்களும் தாம்பாளத்தில் ஏறின. "எல்லாத்துக்கும் நல்லா பொட்டு வைம்மா, நாளைக்குப் போற காரியம் பெருசு" என்றார் மாமா. நானும் குறை வைக்கவில்லை. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தேன். நான்கும் பார்க்க அழகாக இருந்தன. பூஜை முடிந்து, மாட்டுவதற்காக மாமா கை நீட்டியபோது எனக்குச் சுருக்கென்றது. ஈரச் சந்தனத்தோடு எஞ்சினுக்குள் போகலாமா? துடைத்துவிட ஒரு துணியைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் விசாரணைக்கு முதல்நாள், கட்டிய கணவன் பக்கத்தில் நிற்க, ஒரு சுமங்கலி வைத்த பொட்டைத் தானே அழிப்பதா? துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பொட்டோடு பிளக்கை எடுத்துக் கொடுத்தேன்.

வயர்களை மாமா நீளம் பார்த்துச் சொருகினார். வண்டியைக் கிளப்பியதும் அது குலுங்கிக் குலுங்கிப் புகைவிட்டது. "புது பிளக்கு, பழகணும்" என்றார். செருப்புக்குச் சொல்லுகிற சமாதானத்தை எஞ்சினுக்குச் சொன்னார்! எனக்கு வந்த ஆத்திரத்தைப் பிள்ளையைத் தட்டித் தூங்கவைப்பதில் காட்டினேன்.

மறுநாள் விடிந்தபோது நல்ல பனி. சரிவில் உருட்டித்தான் வண்டியைக் கிளப்பினோம். தலவாக்கலை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அது படபடவென்று வெடித்தது. ஒரு வளைவில் ஒரேயடியாக நின்றது. மாமா இறங்கி, மூடியைத் திறந்து, ஒன்றையும் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிள்ளை வீறிட்டு அழுதாள். எதிர்ப்பக்க மலையில் நானுஓயாவுக்குப் போகும் ரயில் ஊதிக்கொண்டு போனது. நாங்கள் மூவரும் அதைப் பார்த்தோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நெடுநேரம் கழித்து வந்த ஒரு சிங்கள லொறி டிரைவர் இரக்கப்பட்டு நிறுத்தினார். வயர்களைத் தொட்டுப் பார்த்து, "மேக்க ஹரி நே முதலாளி, இது சரியில்ல, ரெண்டு வயர் மாறிப் போச்சு" என்றார். அவற்றை உருவியவர், கையில் சிவப்பு ஒட்டியிருப்பதைப் பார்த்தார். "என்ன முதலாளி, பிளக்குக்குக் கல்யாணமா?" என்று சிரித்தார். நான்கு பிளக்கையும் கந்தைத் துணியால் அழுத்தித் துடைத்தார். பிறகு வயர்களை இடம் மாற்றிச் சொருகினார். வண்டி முதல் தட்டிலேயே கிளம்பியது. இரண்டு வேலையையும் அவர் ஒன்றாகச் செய்துவிட்டதால், எது குற்றம் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

நுவரெலியாவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. பெயரைக் கூப்பிட்டாயிற்று, காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், மறுபடி கடிதம் வரும் என்றார்கள். காரணத்தை நான்தான் எழுதினேன். "வாகனக் கோளாறு" என்று மட்டும் எழுதினேன்.

அந்தக் கடிதம் போன வாரம் வந்தது. ஆனால் மாமா வர மாட்டேன் என்கிறார். அன்றிலிருந்து அவர் எஞ்சின் மூடியைத் திறக்கவே இல்லை. "வயர மாத்தி மாட்டி, ஏம் புள்ளைங்க வாழ்க்கையையே மாத்திட்டேன். ஏங் கை வெளங்காத கை. நான் வந்தா இதுவும் கெட்டுப் போகும், நீங்க போங்க" என்று ஒரே பிடிவாதம். விண்ணப்பக்காரர் அவர். அவர் இல்லாமல் நாங்கள் போய் யார் முன்னால் நிற்பது? என் கணவர் வழக்கம்போல் பேசாமல் இருக்கிறார். அன்று வண்டி நின்றதில் என் பங்கும் இருக்கலாம் மாமா என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் மனம் இளகும். ஆனால் சாமிக்கு வைத்த பொட்டையா குறை சொல்கிறாய் என்று அவர் திருப்பிக் கேட்டால்? பொய்யாகப் பழியை ஏற்றுக்கொண்டால் அதுவும் தப்பல்லவா?

ஆகவே, வாகன வேலை தெரிந்த வாசகர்கள் யாராவது சொல்லுங்கள். பிளக்கின் பீங்கானில் ஈரச் சந்தனம் இருந்தால் தீப்பொறி தவறுமா, தவறாதா? மாமனாரோடு ஒரே வீட்டில் இருக்கும் பெண்கள், இதை அவரிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று சொல்லுங்கள். விசாரணை வருகிற மாதம் எட்டாம் திகதி. தயவுசெய்து அதற்கு முன்னால் எழுதுங்கள்.