திருகு லென்ஸும் எங்க ரோசலி போட்டோவும்

ஊர்ல இருக்குறவங்களை எல்லாம் "சிரிங்க, சிரிங்க"ன்னு சொல்லிட்டு, தான் மட்டும் ஒரு கண்ணை மூடிக்கிட்டு முழிக்கிறவனுக்குப் பேருதான் போட்டோகிராபர்.

எழுபதுகளோட கடைசியில, பாண்டிச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு சந்துல நானும் தனபாலும் கூட்டா ஒரு ஸ்டுடியோ வச்சிருந்தோம். நான் எடுப்பேன், அவன் இருட்டு ரூம்ல கழுவுவான். மத்த ஸ்டுடியோவுல எல்லாம் குனிஞ்சு பார்க்குற பெட்டிக் கேமரா. என்கிட்ட மட்டும் கண்ணுல வச்சுப் பார்க்குற ஜெர்மன் கேமரா. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த ஒரு சொல்தா குடும்பத்துல, முசேன்னு நாங்க மரியாதையாக் கூப்பிடுற ஐயா ஒருத்தர், பிரான்சுக்குக் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி என்கிட்ட வித்துட்டுப் போனது. அதுல லென்சை பாட்டில் மூடி மாதிரி திருகித் திருகித்தான் மாட்டணும். மரை சரியாக் கவ்வி, வழவழன்னு சுத்திக்கிட்டே போய் கடைசியில கிண்ணுனு நிக்கும் பாருங்க, அந்த சொகமே தனி. இன்னொரு விசேஷமும் உண்டு. எந்த நாட்டு லென்சா இருந்தாலும் மரை ஒண்ணுதான். ரஷ்யாக்காரன் லென்சு, ஜப்பான்காரன் லென்சு எல்லாம் ஜெர்மன்காரன் கேமராவுல ஒழுங்கா போய் உக்காரும். சாதி கேக்காது, ஊரு கேக்காது, வரதட்சணை கேக்காது.

நீங்களும் இந்தத் திருகு லென்சோட மாரடிச்சவங்கன்னா, மேல படிங்க, உங்க வயித்தெரிச்சலும் இதுல இருக்கும். எனக்கு அப்போ இருந்த ஒரே கவலை என் தங்கச்சி ரோசலி. தட்டாஞ்சாவடியில ஒரு கம்பெனியில டைப்பிஸ்ட். நல்ல கறுப்பு, நல்ல களை, வாய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. தரகர் கையில போட்டோ போகும், அதே கவர்ல திரும்பி வரும். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் எங்கம்மா என் கேமராப் பையைப் பார்த்துத்தான் முறைப்பாங்க. "ஊரான் வீட்டுப் பொண்ணுங்களுக்கெல்லாம் நீ எடுத்த போட்டோவுல கல்யாணம் நடக்குது, கூடப்பொறந்தவ வீட்டுல உக்காந்திருக்கா, அப்புறம் எதுக்குடா உனக்கு மூணு லென்சு?"

மூணு முடிச்சு

சேதராப்பட்டுல ஒரு கல்யாணம். கூட்டம் பூரா விழணும்னு அகல லென்ஸ் போட்டு எடுத்துக்கிட்டு இருந்தேன். தாலி கட்டும்போது முகம் மட்டும் பெருசா வந்தா எப்படி இருக்கும்னு திடீர்னு ஒரு ஆசை. ஆசைதானே நம்ம தொழில்ல சத்துரு? அகல லென்சைக் கழட்டி இடுப்புப் பையில போட்டு, நீட்டு லென்சை எடுத்துத் திருகுறேன். கையெல்லாம் வேர்வை. மரை கோணலாக் கவ்விக்கிச்சு. திரும்ப எடுத்து, திரும்ப வச்சு, திரும்பத் திருகுறேன். மேளம் வேகமா அடிக்குது. என் தலையில அரிசி வந்து விழுது.

நிமிர்ந்து பார்த்தா எல்லாம் முடிஞ்சு மாப்பிள்ளை நெத்தியைத் துடைச்சிக்கிட்டு இருக்காரு. விடுவேனா? "மாப்பிள்ளை, அந்த மஞ்சக் கயித்தைப் புடிச்சு இன்னொரு தடவை கழுத்துகிட்ட கையை வைங்க"ன்னேன். பொண்ணு களுக்குனு சிரிச்சிடுச்சு. மாப்பிள்ளையோட தாய்மாமன் என் கையைப் பார்த்தாரு, லென்சைப் பார்த்தாரு. "ஏன் தம்பி, எங்க புள்ள மூணு முடிச்சும் போட்டுட்டான், நீ இன்னும் ஒரு மரை கூட ஏத்தலையே?"

பஞ்சர் கடைக்காரர்

ஒரு தடவை அந்தக் கோணல் மரை நிஜமாவே இறுகிப்போச்சு. லென்ஸ் வரவும் மாட்டேங்குது, போகவும் மாட்டேங்குது. தனபால் என்னைப் பார்த்து "உனக்குத்தான் மரை கழண்டுபோச்சுன்னு நெனச்சேன், கேமராவுக்காவது இறுகியிருக்கே"ன்னு சந்தோஷப்பட்டான். சந்து முனை சைக்கிள் கடைக்குத் தூக்கிக்கிட்டு ஓடினேன். அவரு லுங்கி முனையால லென்சைச் சுத்திப் புடிச்சு, மூச்சை அடக்கி ஒரே திருகு. வந்துடுச்சு! நான் கும்பிடாத குறை. அவரு லென்சை வெயில்ல தூக்கிப் புடிச்சு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துட்டு திருப்பிக் குடுத்தாரு. "பஞ்சர் ஒண்ணும் இல்ல சார், காத்து அடிக்கணுமா?"

மறந்து எடுத்த போட்டோ

எனக்கு உயிரான லென்ஸ் ஒண்ணு உண்டு. அதுல ஒரு வளையம். அதைத் திறந்து வச்சாத்தான் கேமராவுக்குள்ள பார்க்கும்போது வெளிச்சமா, முகம் பளிச்சுனு தெரியும். ஃபோகஸ் பண்ணிட்டு, அடிக்கிறதுக்கு முன்னாடி வளையத்தைத் திருப்பி மூடணும். மூடினா உள்ள மங்கிடும். எனக்கு மூட மனசே வராது. அந்தப் பளபளப்புல ஒரு முகத்தைப் பார்த்துக்கிட்டு இருக்குறது சினிமா பார்க்குற மாதிரி. பார்த்துக்கிட்டே இருந்து, அப்படியே மூடாம டக்குனு அடிச்சிடுவேன். வெளிச்சம் அளவுக்கு மீறி உள்ள பூந்து நெகட்டிவ் கரிக்கட்டையா வரும், பிரிண்ட் போட்டா முகம் சுண்ணாம்பு அடிச்ச சுவரா இருக்கும்.

மில் தொழிலாளி வீட்டுப் பொண்ணு ஒருத்தி, பேரு ராஜகுமாரி. அவளை அப்படித்தான் எடுத்துத் தொலைச்சேன். அவங்கம்மா வாங்க வந்தப்போ, இன்னொரு தடவை எடுத்துத் தர்றேன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அந்தம்மா போட்டோவை நெஞ்சுல வச்சுக்கிட்டு "எம்பொண்ணு வெள்ளைக்காரி மாதிரி இருக்கா"ன்னு கண்ணைத் தொடச்சிக்கிட்டாங்க. நான் வாயை மூடிக்கிட்டேன். தனபால் மூடணுமே? "அது ஒண்ணும் இல்லம்மா, இவரு வளையத்தை மூட மறந்துட்டாரு"ன்னு உளறிட்டான்.

அவ்வளவுதான். கல்யாண வயசுப் பசங்க, பொண்ணுங்க எல்லாம் நம்ம சந்துக்கு வர ஆரம்பிச்சாங்க. ஒரு கரிக்கடைக்காரர் மகன் பவுடர் அப்பிக்கிட்டு வந்து ஸ்டூல்ல உக்காந்து, தலையைச் சொறிஞ்சுக்கிட்டு கேட்டான். "அண்ணே, ராஜகுமாரிக்கு மறந்த மாதிரியே எனக்கும் கொஞ்சம் மறந்து எடுங்கண்ணே."

சிவப்புத் தொப்பி

பாண்டிச்சேரி போலீஸ்காரங்க தலையில பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன சிவப்புத் தொப்பி இருக்கும். அதோட ஒரு ஏட்டு, பெரிய மீசையோட வந்து நின்னாரு. "தொப்பி நல்லா விழணும்"னாரு. நானும் அகல லென்சை மாட்டிக்கிட்டு, தொப்பி மேல உள்ள பாசத்துல ரொம்பக் கிட்ட போயிட்டேன். அகல லென்ஸ் கிட்ட போனா என்ன பண்ணும்னு தெரிஞ்சவங்க இப்பவே தலையில கை வச்சிருப்பீங்க. மூக்கு முன்னாடி வந்து குடை மாதிரி நிக்குது, காது ரெண்டும் பின்னாடி வில்லியனூர்ல இருக்கு. பத்தாததுக்கு, கறுப்பு வெள்ளை ஃபிலிம்ல சிவப்புத் தொப்பி கன்னங்கரேல்னு விழுந்திருந்தது.

போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாரு. உள்ள தூக்கி வச்சிடுவாரோன்னு நான் ஸ்டூலுக்குப் பின்னாடி நகர்ந்துக்கிட்டேன். தனபால் நைசா இருட்டு ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டான். கடைசியில ஏட்டு ஒரு பெருமூச்சு விட்டாரு. "தம்பி, இந்தப் போட்டோவுல என் மூக்குதான் டூட்டிக்கு வந்திருக்கு, நான் லீவுல இருக்கேன்."

தெருவே பார்த்த போட்டோ

வில்லியனூர்ல இருந்து ரோசலிக்கு ஒரு வரன் வந்தது. பையன் பேரு ஆரோக்கியம், பள்ளிக்கூட வாத்தியார். நல்ல இடம், போட்டோ உடனே அனுப்பணும்னு தரகர் சொல்லிட்டாரு. முந்தின நாளே அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "எவளோ ஒரு ராஜகுமாரிக்கு மறந்தியே, கூடப்பொறந்தவளுக்கு மறக்கக்கூடாதா?"ன்னாங்க. எனக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்தது. ஆனா இந்த இடமும் கை நழுவிட்டா அம்மா படுத்த படுக்கையாயிடுவாங்கன்னு பயம்.

முகத்துக்கு நீட்டு லென்சுதான் சரி. அதுக்குத் தள்ளி நின்னு எடுக்கணும். எங்க ஸ்டுடியோவுல தள்ளி நின்னா முதுகு சுவத்துல இடிக்கும். அதனால ரோசலியை உள்ள ஸ்டூல்ல உக்கார வச்சு, கதவைத் திறந்துட்டு, நான் சந்துக்கு அந்தப் பக்கம் எதிர்க் கடை வாசல்ல போய் நின்னேன். நடுவுல சைக்கிள் போகுது, மீன் கூடை போகுது, ஒரு மாடு நின்னு என்னையே பார்க்குது. வர்றவன் போறவன் எல்லாம் "மோவாயைத் தூக்கும்மா", "பல்லு தெரியச் சிரிம்மா"ன்னு யோசனை சொல்றான். இந்த லென்சுலயும் அதே மாதிரி வளையம் உண்டு, அதை மூடாமலே அடிச்சேன். உள்ளே இருந்து ரோசலி கத்தினா. "அண்ணே, என்னை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பார்த்தா போதும், இந்தத் தெருவே பொண்ணு பார்க்கணுமா?"

பொண்ணு எங்க?

போட்டோ போச்சு, சம்மதம் வந்தது, அவங்களும் வந்தாங்க. ரோசலி காபித் தட்டோட வந்து நின்னா. ஆரோக்கியத்தோட அம்மா காபியை எடுத்துக்கிட்டு, "பொண்ணு எங்க?"ன்னாங்க. எங்கம்மா தரையைப் பார்த்தாங்க. நான் சுவத்துல மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்தேன். "நான்தாங்க பொண்ணு"ன்னா ரோசலி. அந்தம்மா பையில இருந்து போட்டோவை எடுத்து அவ மூஞ்சிக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. அவங்க முகம் மாறிப்போச்சு. எங்களை ஏமாத்திட்டீங்களான்னு வாய்விட்டுக் கேக்கலை, அவ்வளவுதான்.

ரோசலி அழுவான்னு நெனச்சேன். அவ நேரா உள்ள போய், அவங்க அனுப்பியிருந்த மாப்பிள்ளை போட்டோவை எடுத்துக்கிட்டு வந்தா. கடலூர்ல எடுத்தது. அந்த ஸ்டுடியோக்காரனும் நம்ம ஜாதிதான் போல, ஆளை வெளுத்து வாங்கியிருந்தான். எதிர்ல உக்காந்திருக்குற ஆரோக்கியமோ ரோசலிக்கு ஒரு படி மேல கறுப்பு. ரோசலி ரெண்டு போட்டோவையும் டீப்பாய் மேல ஜோடியா வச்சா. குரல் நடுங்குச்சு, ஆனா நிக்கலை. "இந்த ரெண்டு பேருக்கும் பொருத்தம் நல்லா இருக்குங்க, இவங்களுக்கு முடிச்சு வச்சிடுங்க, எங்க ரெண்டு பேரை என்ன பண்றதுன்னு அப்புறம் பேசலாம்."

வாத்தியார் வந்தாரு

ஆரோக்கியம் குபீர்னு சிரிச்சுட்டாரு. அவங்கம்மா சிரிக்கலை. பலகாரத்துல கை வைக்காம எழுந்து போயிட்டாங்க. அதுக்கப்புறம் அம்மா என்கிட்டயும் பேசலை, ரோசலிகிட்டயும் பேசலை. ரோசலி மட்டும் வழக்கம்போல டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டு வேலைக்குப் போனா. ஆனா என்கூட சைக்கிள்ல வர்றதை விட்டுட்டு பஸ்ல போனா. அதுதான் எனக்கு வலிச்சது.

ஒரு நாள் சாயங்காலம் ஆரோக்கியம் தனியா ஸ்டுடியோவுக்கு வந்தாரு. நான் எழுந்து நின்னுட்டேன். அவரு ஸ்டூல்ல உக்காந்து சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கிட்டாரு. கட்டினா அந்தப் பொண்ணைத்தான் கட்டுவேன்னு வீட்டுல ஒத்தக் கால்ல நின்னிருக்காரு. அவரு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. "அம்மா ஒத்துக்கிட்டாங்க மச்சான், ஆனா எங்க ரெண்டு பேரையும் உள்ளது உள்ளபடி எடுத்துக் குடுங்க, இல்லன்னா எங்க சித்தப்பா கல்யாணத்தன்னைக்கு மாதா கோயில்ல வந்து ஆளை மாத்திட்டாங்கன்னு சண்டை போடுவாரு."

தட்டுல வந்த முகம்

மறுநாள் ரோசலி வந்தா. பவுடர் இல்ல, கம்பெனிக்குக் கட்டுற அதே சேலை. என் உயிர் லென்சைத் திருகி மாட்டினேன். வளையத்தைத் திறந்து கண்ணு கிட்ட ஃபோகஸ் வச்சேன். அவ என் கையையே பார்த்துக்கிட்டு இருந்தா. வளையத்தைத் திருப்பி மூடினேன், உள்ள மங்கிடுச்சு. அப்பத்தான் அவ சிரிச்சா. டக்குனு அடிச்சேன்.

அன்னைக்கு நானே இருட்டு ரூமுக்குப் போனேன். எனக்குப் பின்னாடியே அம்மாவும் வந்துட்டாங்க, என்ன பண்றேன்னு கண்காணிக்க. சிவப்பு லைட்டுல மருந்துத் தட்டுக்குள்ள பேப்பரைப் போட்டு ஆட்டுறேன். முதல்ல கண்ணு வந்தது, அப்புறம் புருவம், அப்புறம் அந்தக் கன்னம், சிரிப்பு, வழவழன்னு கறுப்பு. போன தடவை சுண்ணாம்புல காணாமப்போன முகம் பூரா வந்து நின்னுச்சு. அம்மா குனிஞ்சு பார்த்தாங்க. பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் ஈரப் பேப்பர்னு கூடப் பார்க்காம கன்னத்தைத் தொட்டாங்க. "ஏன்டா, எம்பொண்ணு இவ்ளோ அழகுன்னு இத்தனை வருஷமா ஒருத்தரும் என்கிட்ட சொல்லவே இல்லையே?"

ஊர்ல பாதிப் பேரை வெள்ளைக்காரங்களா மாத்தி அனுப்பின எனக்கு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கம்மியா உள்ளே விட்டாத்தான் ஆளு யாருன்னு தெரியும்ங்கிற தொழில் ரகசியம் உறைக்கிறதுக்குள்ள தங்கச்சி கல்யாணமே நிச்சயமாயிடுச்சு.