அடியில் ஒரு நீலப் பொட்டு

மாமா இரத்தினபுரியிலிருந்து திரும்பி வந்தபோது அவரிடம் ஒரு ஈயத்தட்டும், ஒரு செப்புத்தட்டும், மூங்கில் வில் ஒன்றும், சீலைத்துண்டில் முடிந்த ஒரு கல்லும் இருந்தன. உடுப்பு என்று உடம்பில் இருந்ததுதான். தெற்கில் எங்கள் தமிழ் ஆட்கள் இனி இருக்க முடியாது என்று ஆகியிருந்த காலம் அது. உடுப்பை விட்டுவிட்டு இந்தப் பாரத்தை ஏன் தூக்கிக்கொண்டு வந்தாய் என்று அம்மா கேட்டார். மாமா சிரித்தார். அவர் அம்மாவின் ஒரே தம்பி. அப்போது முப்பத்தாறு வயது. எதைக் கேட்டாலும் ஒருமுறை சிரிப்பார். அதோடு அந்தக் கேள்வி முடிந்துவிடும்.

எங்கள் வீடு கொக்குவிலில், ரயில் பாதைக்குக் கிட்ட. எனக்கு எட்டு வயது. நானும் கதைக்காத பிள்ளைதான். ஞாயிறு பள்ளியில் வேதவசனம் சொல்லச் சொல்லி எழுப்பினால், வாய் திறக்கும் முன்னே கண் நிறைந்துவிடும். வசனம் எனக்கு மனப்பாடம்தான். எல்லாரும் என்னைப் பார்ப்பதுதான் தாங்காது.

எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அம்மா கதைப்பார். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்துத்தான் முடிப்பார். "சீனி முடிஞ்சுபோச்சு, வெளியிலை சொல்லிப்போடாதை." "கோழி அடை கிடக்குது, வெளியிலை சொல்லிப்போடாதை." கோழி அடை கிடப்பதில் என்ன இரகசியம் என்று எனக்கு விளங்கியதில்லை. நாளடைவில் அப்பாவுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது. எங்கள் வீட்டில் பல் விளக்கியதைச் சொன்னாலும் வெளியில் சொல்லக்கூடாதுதான்.

விறகு அடுக்கும் கொட்டிலின் ஒரு மூலையை ஒதுக்கி மாமா தன் பட்டறையைப் போட்டார். இரண்டு கட்டைகளுக்கு நடுவே தட்டு நிமிர்ந்து நிற்கும். அதன் அச்சில் வில்லின் கயிறு ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும். வலது கையால் வில்லை முன்னும் பின்னும் இழுக்க, தட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சுழலும். ஒரு குச்சியின் நுனியில் அரக்கு உருக்கி அதில் கல்லை ஒட்டி, இடது கையால் தட்டில் பிடிப்பார். ஈயத்தட்டில் குருந்தப்பொடி போட்டால் கல் தேயும். செப்புத்தட்டில் உமிச்சாம்பல் போட்டால் மினுங்கும். நாங்கள் பல் விளக்குகிற அதே உமிச்சாம்பல்தான்.

நகை செய்கிற பத்தர்மார் பழைய தோடு மூக்குத்திக் கற்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மழுங்கிய பட்டைகளை அவர் திரும்பத் தீட்டிக் கொடுப்பார். ஆனால் இரத்தினபுரியிலிருந்து கொண்டுவந்த தன் சொந்தக் கல்லை மட்டும் ஏழு மாதம் தட்டில் வைக்கவேயில்லை. கோப்பை வைக்கிற பீரிசில் தண்ணீர் விட்டு, அதில் கல்லைப் போட்டு, பார்த்துக்கொண்டே இருப்பார். விரலால் ஒருமுறை புரட்டுவார். மறுபடி பார்ப்பார். நான் கொட்டில் வாசலில் குந்தியிருந்து அவர் பார்ப்பதைப் பார்ப்பேன். கற்கண்டுத் துண்டு மாதிரி ஒரு மங்கல் கல். அதில் பார்க்க அவ்வளவு என்ன இருக்கிறது? கேட்கலாம். ஆனால் கேட்பதற்குக் கதைக்கவேண்டும்.

அப்போதுதான் தரகர் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெண் கரவெட்டிப் பக்கம், பள்ளிக்கூடத்தில் ரீச்சர், முப்பத்திரண்டு வயது, எங்களைப்போல மெதடிஸ்த சபை. தகப்பனார் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். இதற்கு முன் மாமாவுக்கு மூன்று சம்பந்தம் வந்து கலைந்திருந்தது. மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்டு, கல்லுத் தீட்டுகிறவர் என்று கேள்விப்பட்டதும் அவர்கள் திரும்பி வரவில்லை. இதுவும் கலைந்தால் இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று அம்மா அழுதார். தரகர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மாப்பிள்ளைக்கு இரத்தினபுரியில் சொந்தமாகக் கல்லுக்கடை இருக்கிறது, நிலைமை சரியில்லாததால் பூட்டிக் கிடக்கிறது என்று கரவெட்டியில் சொல்லிவிட்டு வந்தார்.

"கடை எண்டுதானே சொன்னனான். எவ்வளவு பெரிய கடை எண்டு சொன்னனானோ?" என்றார் தரகர்.

அம்மா மாமாவைப் பார்த்து, "தம்பி, வெளியிலை சொல்லிப்போடாதை" என்றார். மாமா சிரித்தார். ஆனால் அது வழக்கமான சிரிப்பில் பாதிதான் இருந்தது.

பெண்ணின் படம் ஒன்று வந்தது. ஸ்ரூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மாமா அதைப் பட்டறைக்கு மேலே ஒரு மரச்சட்டத்தில் செருகி வைத்தார். ஒருநாள் உருப்பெருக்கிக் கண்ணாடியால் அதை நெடுநேரம் பார்த்தார். முகத்தைப் பார்க்கிறார் என்று நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் பார்த்தது சேலைக்கரையை. அதில் வரிசையாகச் சின்னச் சின்னப் பூக்கள்; ஒவ்வொன்றிலும் ஐந்து இதழ். அன்று பின்னேரம் அவர் கல்லைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் குச்சியில் ஒட்டினார். மோதிரக் கல்லாக அந்தப் பூவையே அதில் வெட்டப்போகிறார் என்று அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கல்லில் எட்டுப் பட்டை வைப்பது லேசு. பாதியைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கினால் எட்டு வந்துவிடும். கண்ணே போதும். ஐந்து அப்படிக் கண்ணுக்கு அடங்காது. கடைசி இதழ் எப்போதும் ஒல்லியாகவோ கொழுத்தோ போய்விடும். மாமா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் குசினிக்குள் வந்து, ஒன்றும் சொல்லாமல், அம்மா அரிந்துகொண்டிருந்த வெண்டிக்காயில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனார். வெண்டிக்காயைக் குறுக்கே அரிந்து பாருங்கள், ஐந்து மூலை சரியாக இருக்கும். அதன் நடுவால் குச்சியைக் கோர்த்து, மூலைக்கு ஒரு கோடாகக் குச்சியில் பென்சிலால் இழுத்தார். அந்தக் கோடுகளை வைத்துத்தான் கல்லைத் திருப்பித் திருப்பித் தட்டில் பிடித்தார். எல்லா வெண்டிக்காயும் அவருக்குச் சரிவராது. ஒரு றாத்தல் வாங்கினால் நாலைந்து கொட்டிலுக்குப் போய்விடும்.

"கறிக்கு வாங்கினதை இவன் கல்லுக்கெல்லோ சமைக்கிறான்!" என்று அம்மா கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளியிலை சொல்லிப்போடாதை" என்றார்.

கல் முடிந்தபோது நாங்கள் எல்லாரும் போய்ப் பார்த்தோம். கற்கண்டு மாதிரிக் கிடந்த கல் நீலமாகிவிட்டது. கரைக்குக் கரை நீலம். நடுவில் ஐந்து இதழ்; அசைத்தால் ஒன்று மாறி ஒன்று விரியும். வெள்ளைக் கல்லுக்குள் இந்த நீலம் எங்கிருந்து வந்தது? மாமா சாயம் போட்டதை நான் காணவில்லை. உமிச்சாம்பலில் நீலம் இல்லை. என் பல்லைக் கண்ணாடியில் பார்த்து அதையும் உறுதி செய்துகொண்டேன்.

பெண் வீட்டார் வருவதற்கு முதல்நாள் பின்னேரம் மாமா என்னைக் கூப்பிட்டார். கல்லைத் தொடவே விடாதவர், அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் மேலிருந்து பார்த்தேன்.

"பக்கத்தாலை பார்" என்றார்.

கல்லை விரல்களுக்கிடையில் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே பக்கவாட்டில் தூக்கினேன். நீலம் இல்லை. தண்ணீர் மாதிரி வெள்ளை. அடியில், கூர் முனையில், மைத்துளி மாதிரி ஒரே ஒரு பொட்டு. மேலே திருப்பினேன், முழுக்க நீலம். பக்கத்துக்குத் திருப்பினேன், ஒரு பொட்டு. இருட்டும் வரை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாமா என்னைத் தடுக்கவுமில்லை, விளக்கவுமில்லை. அன்று இரவு சாப்பாட்டில் எனக்கு மனம் போகவில்லை. உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று இருந்தது.

மறுநாள் தகப்பனாரும் தரகரும் வந்தார்கள். எங்கள் சபை ஆட்களில் ஒரு வழக்கம், பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணிக்கு முன் அவர்தான் ஜெபம் பண்ணவேண்டும். அந்த வீட்டைப் பற்றி அவர் கேள்விப்பட்ட நல்ல செய்திகள் எல்லாம் ஜெபத்தில் வரும். தகப்பனார் எழுந்து நின்று கண்ணை மூடினார். இந்தக் குடும்பத்துக்காக நன்றி சொன்னார். அம்மா சுட்ட பயத்தம் பணியாரத்துக்காக நன்றி சொன்னார். பிறகு, "இந்தப் பிள்ளைக்குச் சொந்தக் கடையும் தொழிலும் தந்தீரே, பூட்டிக் கிடக்கிற அந்தக் கடையை ஏற்ற காலத்திலே திறந்தருளும்" என்று குரலை உயர்த்தினார். தரகர் பலமாக ஆமென் என்றார்.

நான் ஜெபத்தில் கண் மூடுகிறவனல்ல. அன்று மாமாவும் மூடவில்லை. எல்லாரும் குனிந்திருக்க நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவருடைய முகம், வசனம் சொல்ல எழுப்பிவிட்ட பிள்ளையின் முகம்போல் இருந்தது.

ஜெபம் முடிந்ததும் அம்மா கல்லைக் கைக்குட்டையில் வைத்துக் கொண்டுவந்தார். தகப்பனார் அதை யன்னலுக்கு நேரே பிடித்து, "அருமை, அருமை" என்றார்.

"முழுக் கல்லும் ஒரே நீலம் ஐயா. ஒரு இடத்திலையும் வெளிறேல்லைப் பாருங்கோ" என்றார் தரகர்.

அது பிழை. பிழை என்று அந்த அறையில் எனக்குத் தெரியும். எப்படி வாய் திறந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"முழுக்க இல்லை. பக்கத்தாலை பாருங்கோ, வெள்ளை. அடியிலை ஒரு பொட்டுத்தான் நீலம்."

தகப்பனார் கல்லைப் பக்கத்துக்குத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தம்பி, இதென்ன?"

"உவன் சின்னப் பெடியன் ஐயா, உவனுக்கு என்ன..." என்று தரகர் தொடங்கினார்.

மாமா எழுந்து நின்றார். "அவன் சொல்லுறது சரி ஐயா. நீலம் அந்தப் பொட்டிலை மட்டும்தான். கல்லு அப்பிடி." தரகரை ஒருமுறை பார்த்தார். "கடையும் அப்பிடித்தான். கடை முதலாளியின்ரை. நான் அங்கை கூலிக்கு இருந்து பட்டை தீட்டினனான். இந்தக் கல்லும் அவர் வேண்டாமெண்டு கழிச்சு, சம்பளத்துக்குப் பதிலாத் தந்தது."

மாமா அவ்வளவு கதைத்ததை நான் அதுவரை கேட்டதில்லை. தகப்பனார் தேத்தண்ணிக் கோப்பையைத் தொடாமலே எழுந்தார். அவருடைய கோபம் கல்லின் மேல் அல்ல.

"நான் இப்ப ஆண்டவரிட்டைப் பொய் சொல்லிப்போட்டன்" என்று சொல்லிவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனார். தரகர் பின்னால் ஓடினார்.

"வாய் துறக்காத சனியன், இண்டைக்கெண்டு பாத்துத் துறந்திருக்கு!" அம்மா தென்னை ஈர்க்கால் அடித்தார். அழுதுகொண்டு அடித்ததால் பாதி அடி கதிரையில் விழுந்தது. மாமா வந்து ஈர்க்கை வாங்கி முறித்துப் போட்டுவிட்டுக் கொட்டிலுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் வில் இழுக்கிற சத்தம் கேட்டது. அவரும் வந்து அடிப்பார் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். அவர் அடிக்கவில்லை. அது அடியைவிடப் பயமாக இருந்தது.

அடுத்த கிழமை படலையில் மணி அடித்தது. தகப்பனார் நின்றார். பக்கத்தில் படத்திலிருந்த ரீச்சர். அந்தக் காலத்தில் பெண் இப்படி மாப்பிள்ளை வீட்டுக்கு வருவதில்லை. "கல்லைத் தான் பாக்கவேணுமாம். சொன்னாக் கேக்கிற பிள்ளை இல்லை" என்றார் தகப்பனார். உள்ளே வந்ததும் கதிரையில் இருக்காமல் நின்றபடி கண்ணை மூடினார். "ஆண்டவரே, போன ஞாயிறு உம்மிடத்தில் சொன்னதைத் திருத்திச் சொல்லுகிறேன். கடை இல்லை" என்று ஜெபம் பண்ணினார். ஜெபத்துக்குள் சிரிப்பு வந்தவரை நான் முதல்முதலில் அன்றுதான் கண்டேன். ரீச்சர்தான், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தா.

கல்லை அவவின் கையில் கொடுத்தார்கள். மேலிருந்து பார்த்தா. நகநுனியால் இதழ்களை எண்ணினா. பிறகு தன் சேலைக்கரையைக் குனிந்து பார்த்தா. படத்தில் இருந்த அதே சேலை. பிறகு கல்லைப் பக்கத்துக்குத் திருப்பி நெடுநேரம் பார்த்தா.

"உந்தப் பொட்டு மேலை வந்திருந்தா?" என்று மாமாவிடம் கேட்டா.

"பொட்டாத்தான் தெரியும்" என்றார் மாமா. "ஓரத்திலை வந்தா ஓரம் மட்டும் நீலம். அடி முனையிலை வந்தாத்தான் கல்லு முழுக்கப் பரவும்."

"எங்கை வருமெண்டு எவ்வளவு நாள் பாத்தனீங்கள்?"

"ஏழு மாசம்."

அவ கல்லைக் கைக்குட்டையில் வைத்தா. மோதிரம் எப்படிக் கட்டுவதாக யோசனை என்று கேட்டா. பக்கம் தெரியாமல் பொன்னால் சுற்றி மூடிக் கட்டுவதாகப் பத்தரிடம் சொல்லியிருக்கிறது என்று அம்மா அவசரமாகச் சொன்னார்.

"மூட வேண்டாம் அக்கா. பக்கத்தைத் திறந்து விடச் சொல்லுங்கோ" என்றா.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேலே அவ்வளவு நீலத்தை வைத்துக்கொண்டு வெள்ளையை ஏன் காட்டச் சொல்கிறா? கல்யாணத்தன்று சபைக் கோயில் வாசலில் அவ, இனி என் மாமி, மோதிர விரலைப் பக்கவாட்டில் திருப்பி எனக்கு நேரே நீட்டினா. என்னைக் கேலி செய்கிறா என்று நினைத்து அம்மாவின் பின்னால் ஒளிந்தேன்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டேன். இப்போது சைக்கிள் திருத்துகிறேன். மாமி மோதிரத்தைக் கழற்றுவதில்லை. பொன் தேய்ந்துவிட்டது, கல் தேயவில்லை. மாமா இன்னும் சிரித்தே பதில் சொல்கிறார். நான் அவருடைய இரகசியத்தை வெளியில் விட்டவன் என்ற பயம் பல வருடம் எனக்குள் இருந்தது. அவரோடு தனியாக இருக்க நேர்ந்தால் ஏதாவது வேலை சொல்லிக்கொண்டு எழும்பிவிடுவேன்.

போன மாதம் ஒரு சைக்கிள் சில்லுக்குக் கோணல் எடுத்துக்கொண்டிருந்தபோது, அதை விளிம்பால் பார்க்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பின்னேரம் கல்லை என் கையில் வைத்து "பக்கத்தாலை பார்" என்று சொன்னவர், எங்கள் வீட்டில் சீனிக்கும் கோழிக்கும்கூடச் சொல்கிற அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லவில்லை.