அம்மனுக்கு ஒரு கூறைப்பட்டு

எங்கள் குடும்பத்து ஆண்கள் வருஷத்துக்கு ஒருமுறை அழுவார்கள். சித்திரைக் கடைசிச் செவ்வாய், எங்கள் அம்மனுக்கு எடுக்கிற கொடைத் திருவிழாவின் மத்தியானத்தில், வில்லுப்பாட்டு முடிகிற நேரத்தில். மற்ற நாட்களில் அவர்கள் கண்ணில் தண்ணீர் வர வேண்டுமென்றால் வெங்காயம்தான் உரிக்க வேண்டும். அந்த வேலையையும் அவர்கள் செய்வதில்லை.

அழுவது யாருக்காக என்றால், நாங்களே கொன்ற ஒரு பெண்ணுக்காக. அநியாயமாகச் செத்தவர்களைச் சாமியாக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். கொன்ற வீட்டுக்காரர்களே பீடம் கட்டி, பொங்கல் வைத்து, காலில் விழுவோம். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி, நெல் அறுப்புக்கு வந்த ஒருவன் மேல் ஆசைப்பட்டாள். இருவரும் ஆற்றைத் தாண்டி ஓடிப்போனார்கள். அவளுடைய தாய்மாமன் தேடிப்போய், கூறைப்பட்டு எடுத்து வைத்திருக்கிறேன், நானே முன்னால் நின்று கட்டி வைக்கிறேன் என்று நயமாகப் பேசி இருவரையும் கூட்டிவந்தான். பட்டு உண்மைதான். அதற்கு அடியில் அரிவாளும் இருந்தது. தாமிரபரணிக் கரையில், இன்றைக்குப் பீடம் நிற்கிற இடத்தில் வைத்து இருவரையும் வெட்டினான்.

அவள் அம்மன் ஆனாள். அறுப்புக்கு வந்தவன் அவள் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லாக நிற்கிறான். அம்மனுக்கு வருஷா வருஷம் கூறைப்பட்டு. அவனுக்கு ஒரு துண்டு. செத்த பிறகும் யாரை எங்கே வைக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.

புதுப் பட்டைச் சாத்தும்போது, போன வருஷத்துப் பட்டை இறக்குவோம். குடும்பத்தில் கல்யாணத்துக்கு இருக்கிற ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுக்க வேண்டும். அவளுடைய தாய்மாமன் கையால்தான் கொடுக்க வேண்டும். அந்த மாமன் செய்த பாவத்துக்கு இந்த மாமன்கள் செய்கிற பரிகாரம். அப்படிக் கொடுத்துவிட்டால், அவள் யாரைக் கட்டினாலும் குறுக்கே யாரும் பேசக் கூடாது என்பதும் அதோடு சேர்ந்த வழக்கம். பெண்ணும் மாப்பிள்ளையும் ஏற்கெனவே வீட்டார் பேசி முடித்தவர்களாக இருந்துவந்ததால், அந்தப் பின்பாதியைச் சோதித்துப் பார்க்கிற தேவை யாருக்கும் வந்ததில்லை.

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற தமிழாசிரியருக்கு இந்த ஊரில் மேடைக்குப் பஞ்சமில்லை. கேட்க ஆள் வருமா என்பது வேறு கதை. 'காதல் துன்பியலில் முரண்' என்று டவுனில் ஒரு கூட்டத்தில் ஒன்றேகால் மணி நேரம் பேசினேன். எடுத்துக்காட்டு எங்கள் வீட்டுக் கதைதான். கொடைக்கு வருகிற வில்லுப்பாட்டுக்காரர் அந்தப் பெண் மஞ்சள் தேய்த்துக் குளிப்பதையும், பூ வைப்பதையும், பட்டின் கரையையும் அரை மணி நேரம் பாடுவார். மாமன் வேட்டி கட்டத் தெரியாமல் தடுமாறுவதாக நடுவில் வேடிக்கை வேறு. வெட்டு நாலே வரி. மணக்கோலத்துக்குப் பக்கத்திலேயே சாவை வைக்கிற இந்தக் கலையை நான் வியந்து பேசினேன். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பாட்டுக்காரரிடம் ஒருமுறை இதைப்பற்றிக் கேட்டேன். அவர் என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார்.

"சிரிக்க வச்சாத்தான் சார் அழ வைக்க முடியும். எடுத்த எடுப்புலயே அழ வச்சா சனம் எந்திரிச்சி சோத்துக்குப் போயிரும்லா."

சோற்றுக்கு எப்படியும் போவார்கள். வெட்டு முடிந்து மூக்கைச் சிந்தின கையோடு பந்தியில் உட்கார்ந்து, கறியில் உப்பு குறைவு என்று எங்கள் பெரியவர்கள் சண்டை பிடிப்பதை நான் ஒவ்வொரு வருஷமும் பார்த்திருக்கிறேன். பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்று என் மனைவியிடம் சொல்லியும் இருக்கிறேன். நான் ஓநாய்க் கூட்டத்தில் சேர்த்தி இல்லை என்று அப்போது நினைப்பு.

போன வருஷக் கொடைக்கு ஒரு வாரம் முன்னால் என் அக்கா மகள் தச்சநல்லூரில் என் வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கிற ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அவனுடைய அப்பா அம்மா மாஞ்சோலையில் தேயிலை பறித்தவர்கள். எஸ்டேட்டை விட்டு எல்லோரையும் இறக்கிய பிறகு மணிமுத்தாறில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் இல்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

"இந்த வருசம் பட்டு எனக்குத்தான மாமா வரணும்? நீங்க குடுத்துட்டா அப்பா வாயத் தொறக்க முடியாதுல்லா."

"அதுக்கென்னட்டி, குடுத்துட்டாப் போச்சு" என்றேன். மகிழ்ச்சியாகவே சொன்னேன். அவள் போன பிறகு, இதை அடுத்த கூட்டத்தில் எப்படிச் சொல்லலாம் என்றுகூட யோசித்தேன். அன்று பட்டாடை கொலைக் கருவி, இன்று அதே பட்டாடை விடுதலை. முரண்.

கொடை அன்று பாட்டு முடிந்தது. ஆண்கள் துண்டால் முகத்தைத் துடைத்தார்கள். அதிகம் அழுதவர் என் அத்தான், அதாவது அவளுடைய அப்பா. பூசாரி பழைய பட்டை இறக்கி என் கையில் கொடுத்தார். அவள் எதிரே பெண்கள் வரிசையில் தலைக்குக் குளித்து நின்றிருந்தாள். பத்தடி தூரம். அத்தான் சிவந்த கண்ணோடு என் பக்கத்தில் வந்து, தோளில் கை போட்டு, சிரித்த முகமாகப் பேசினார்.

"மாப்ள, எல்லாம் கேள்விப்பட்டேன். சேலைய மடிச்சி, சத்தங்காட்டாமப் பைக்குள்ள வையும். இந்த வருசம் யாருக்கும் வேண்டாம்."

அவ்வளவுதான். மிரட்டவில்லை. பின்னால் நின்ற நாலைந்து பேர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஊரில் நாளைக்கும் இவர்களோடு இருக்க வேண்டும், அக்கா வீட்டு வாசலை மிதிக்க வேண்டும், என் மகன் கல்யாணம் வேறு இருக்கிறது என்று என் மனது கடகடவென்று ஓடியது. முப்பது வருஷம் பாடம் நடத்தியவன். பட்டை நாலாக மடித்தேன். கரை கசங்காமல் மடித்தேன் என்பதுதான் இப்போது நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது.

அவள் பந்திக்கு வரவில்லை. நான் பையோடு பஸ்ஸுக்கு நடந்தபோது ஆற்றங்கரைப் பாதையில் நின்றிருந்தாள்.

"அடுத்த வருசம் பாப்போம்ட்டி. கொஞ்சம் பொறு" என்றேன்.

அவள் அழவில்லை. என் பையைப் பார்த்தாள்.

"பாட்டுல வாற மாமா வெட்டத்தான் வந்தாரு. அவராவது சேலையக் கொண்டுவந்து காட்டுனாரு" என்றாள்.

இரண்டு மாதம் கழித்துப் பாளையங்கோட்டையில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். போட்டோவை அக்கா ரகசியமாகப் போனில் காட்டினாள். பச்சை நிறத்தில் ஒரு நூல் சேலை, அவளே எடுத்தது. மாப்பிள்ளை நெளிந்துகொண்டு நிற்கிறான். அவனுடைய அம்மா பக்கத்தில் சிரிக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஈ காக்கை இல்லை. அன்றைக்கு நான் டவுனில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். என்ன பேசினேன் என்பது நினைவில்லை.

இந்த வருஷமும் சித்திரைக் கடைசிச் செவ்வாய் வந்தது. பாட்டுக்காரர் மஞ்சளையும் பூவையும் இழுத்து இழுத்துப் பாடினார். வேட்டி வேடிக்கைக்கு அத்தான் தொடையில் தட்டிச் சிரித்தார். எனக்கு வழக்கமாக வெட்டுகிற இடத்தில்தான் அழுகை வரும். இந்த வருஷம் மாமன் பொட்டலத்தைப் பிரித்துப் பட்டைக் காட்டுகிற இடத்திலேயே வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அத்தானும் பிறகு, தன்னுடைய இடம் வந்ததும், குலுங்கி அழுதார். மகள் பெயரை ஒரு வருஷமாக உச்சரிக்காத மனிதர்.

பந்திக்குப் போகிற வழியில் அக்கா என்னை நிறுத்தினாள்.

"எதுக்குலே அப்படி அழுத? அது செத்தவளுக்கு உண்டான பாட்டு. எம் மக உயிரோடதான் இருக்கா. மணிமுத்தாறுக்கு பஸ்ஸும் போவுது."

உள்ளே இலை போட்டுவிட்டார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தேன். பசித்தது, இரண்டாம் முறை கறி வாங்கிச் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது பூசாரி இந்த வருஷம் இறக்கிய பட்டையும் என்னிடமே கொடுத்தார். வேறு எந்த மாமனும் வாங்கிக்கொள்ள முன்வரவில்லையாம். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். போன வருஷத்துப் பட்டு மடித்தபடியே இருந்தது. அதன் மேல் இதையும் வைத்துப் பூட்டினேன். இப்போது இரண்டு இருக்கின்றன.