ஆயுத பூஜையில் மாப்பிள்ளை பார்த்த கதை

1. முதல் நாள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில், கடைந்த பாகங்களை அளந்து பாஸ் செய்யும் லைன் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்த முதல் நாளே ஒரு டர்னரிடம் வம்பு வளர்த்துக்கொண்டேன். ஏழுமலை என்ற அந்த டர்னர் கடைந்த புஷ்ஷில், துளையை அளக்கும் என் பிளக் கேஜ் நுழையவில்லை. திருப்பி அனுப்பினேன். லேத்தை நிறுத்திவிட்டு நேராக என் மேஜைக்கே வந்துவிட்டான்.

"இன்னாம்மா, வந்த அன்னிக்கே ஆரம்பிச்சிட்டியா?"

"போர் பத்தல, ஓட்டை சின்னதா இருக்கு. இன்னொரு கட் எடுத்துட்டு வாங்க, பாஸ் பண்றேன்."

முணுமுணுத்துக்கொண்டே போனவன் சரி செய்து கொண்டுவந்தான். டீ டைமில் எனக்கும் சேர்த்து மசால் வடை வாங்கி வைத்திருந்தான். கோபத்தை அடுத்த டீ வரைக்கும்கூட வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதன். எங்கள் சிநேகிதம் அந்த வடையில் ஆரம்பித்தது. சில வருடங்கள் சிநேகிதமாகவே இருந்தது. 'நீங்க' போய் 'நீ' வந்தது, அவ்வளவுதான்.

2. ரிப்பேர் ஆகாத ஃபேன்

என் ஊர் திருத்தணிப் பக்கம். கள்ளிக்குப்பத்தில் ஒரு நர்ஸுடன் சேர்ந்து மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். அவள் ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓடாத சீலிங் ஃபேனைப் பார்க்க ஏழுமலை வந்தான். மழை பிடித்துக்கொண்டது. ஃபேனை மறந்துவிட்டோம். சிநேகிதம் அன்றைக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு அப்போதுதான் ஒரு நிச்சயதார்த்தம் முறிந்திருந்தது. மறுபடியும் காபித் தட்டோடு யார் முன்னாலும் போய் நிற்க எனக்குத் தெம்பில்லை. அவனுக்கோ கல்யாணம் என்ற பேச்சே ஆகாது.

"சும்மா ஜாலியா இருப்போம் வசந்தா. கல்யாணப் பேச்சு வாணாம், பொறாமை வாணாம். கம்பெனில ஒருத்தனுக்கும் தெரியக்கூடாது."

"எனக்கும் அதான் வசதி," என்றேன்.

அதன் பிறகு நர்ஸ் ஊருக்குப் போகும் ஞாயிறுகளில் எல்லாம் அந்த ஃபேன் ரிப்பேரானது. வீட்டுக்கார அம்மா ஒருநாள் படிக்கட்டில் அவனை மடக்கினாள்.

"இன்னா தம்பி, இந்த ஃபேனு உன் ஆயுசுல ஓடுமா?"

"மோட்டார் காயிலு வீக்கா கீதும்மா," என்று ஸ்குரூ டிரைவரைத் தூக்கிக் காட்டினான்.

இப்படி ஒரு வருடம் ஜாலியாக ஓடியது. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் கேன்டீனில் சொன்னான். "எங்கம்மா பொண்ணு பாத்துக்கினு கீது. பூஜைக்கு பொண்ணு ஊட்டுக்காரங்கள கம்பெனிக்கே இட்டாருதாம்."

"நல்லதாப் போச்சு, புது பேண்ட் தெச்சிக்க," என்று சிரித்தேன். ஒப்பந்தத்தில்தான் பொறாமை கிடையாதே. வாங்கிய சாப்பாட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

3. பூஜை

ஆயுத பூஜையன்று எஸ்டேட்டில் கம்பெனி கேட் எல்லோருக்கும் திறந்திருக்கும். மெஷின்களைக் கழுவிப் பொட்டு வைத்து வாழைக்கன்று கட்டிவிடுவோம். வீட்டு ஜனங்கள் வந்து, எங்கள் ஆள் ஓட்டுகிற மெஷின் இதுதான் என்று பெருமையாகத் தொட்டுப் பார்ப்பார்கள்.

ஏழுமலையின் அம்மா, பெண்ணையும் பெண்ணின் அப்பாவையும் கரையான்சாவடியிலிருந்து அழைத்து வந்திருந்தார். பெண் அழகாக இருந்தாள். எனக்கு அது வேறு எரிந்தது. பொரி கொடுக்கும் சாக்கில் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

ஃபோர்மேன் கற்பூரத் தட்டோடு வந்தார். "பொட்டியத் தெறப்பா, டூலுக்குக் காட்டணும்."

டூல் பெட்டியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். டர்னர்கள் அதன் சாவியை யாருக்கும் தர மாட்டார்கள். தங்கள் கையால் தீட்டிய டூல் பிட்டுகளும் சொந்த மைக்ரோமீட்டரும் அதில் இருக்கும். கூடப் பிறந்தவனே கேட்டாலும் திறந்து காட்டுவார்களே தவிர, சாவி கைமாறாது.

ஏழுமலை பாக்கெட்டைத் தடவினான். முகம் வெளுத்தது. "சாவி பழைய பேண்ட்ல மாட்டிக்கினு கீது சார்."

"ராகு காலம் வரப்போவுதுய்யா!"

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. கைப்பையிலிருந்து, அவன் எனக்குத் தந்திருந்த இன்னொரு சாவியை எடுத்து, குனிந்து, பெட்டியைத் திறந்துவிட்டேன். உள்ளே மைக்ரோமீட்டர் பக்கத்தில், தினமும் போல அன்று காலையும் நான் வைத்த இட்லி டப்பா இருந்தது.

ஷாப் ஃப்ளோர் முழுக்க பொரி மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது.

பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். "எம்மா, சாவி உன் கைல எப்டி?"

"ஃப்ரெண்டுங்க," என்றான் ஏழுமலை அவசரமாக.

"நானும் டர்னருதான் நைனா. எம் பொண்டாட்டிக்கே நான் பொட்டிச் சாவி குடுத்ததில்ல." மகள் பக்கம் திரும்பினார். "வாம்மா போலாம். இந்தப் புள்ளைக்கு எப்பவோ கல்யாணம் ஆயிட்ச்சு. அவனுக்குத்தான் இன்னும் தெரில."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி போனாள். ஏழுமலையின் அம்மா இடுப்பில் கை வைத்தார். "இன்னாடா இது?"

இன்னொரு தடவை ஃப்ரெண்டு என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் மறுநாளே வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறியிருப்பேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"இது வசந்தாம்மா. இது இல்லாம எனக்கு ஆவாதும்மா. இப்பதான் எனக்கே தெரியுது."

அம்மா பெட்டிப் பக்கம் குனிந்தார். டப்பாவைத் திறந்து ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டார்.

"நீ சுட்டதா?"

"ஆமாங்க."

"உப்பு பத்தல. ஞாயித்துக்கெழம ஊட்டாண்ட வா, சொல்லித் தரேன்."

"சரிங்க அத்தை," என்றேன். அத்தை என்கிற முறையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இன்ஸ்பெக்ஷன் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்வது, எதையும் அளக்காமல் பாஸ் செய்யாதீர்கள் என்பதுதான். நாங்கள் 'சும்மா ஜாலி' என்று ஒரு வருடம் அளக்காமலேயே பாஸ் செய்துகொண்டிருந்தோம். ஒரே பார்வையில் சரியான அளவைச் சொல்ல, பெண் கொடுக்க வந்த மனிதர் வர வேண்டியிருந்தது.