சூடாமணி அக்கா அழித்த வரி

சூடாமணி அக்கா எண் அடிக்கிற வேகத்தைப் பார்த்த முதல் வாரமே, இந்த வேலை நமக்கு ஆகாது என்று ஊருக்குப் பஸ் ஏறிவிடலாமா என்று யோசித்தேன். காமராசர் சாலையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் டேட்டா என்ட்ரி ஆபீஸ். கூரியர் ரசீதுகள் மூட்டை மூட்டையாக வரும். அவற்றிலுள்ள நீள நீளமான எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். நான் ரசீதைப் பார்த்து, கீபோர்டைப் பார்த்து, விட்ட இடத்தைத் தேடுவதற்குள் அக்கா ஒரு கட்டை முடித்து ரப்பர் பேண்டு போட்டிருப்பார்.

அந்த வேகத்தில் பாதி அவர் வீட்டுக்காரர் நாகசுப்பிரமணியன் அண்ணனுடையது. தறி நின்றுபோன பிறகு அவரும் இங்கேயே வந்துவிட்டார். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எண்களை வாசிப்பார். அக்கா திரையையும் பார்க்காமல் விரலையும் பார்க்காமல் அடிப்பார். சௌராஷ்டிரக் குடும்பம். வாசிப்பு அவர்கள் வீட்டுப் பாஷையில்தான் நடக்கும். தமிழில் வாசித்தால் அக்காவின் விரல் ஒரு நொடி தயங்கும். அண்ணன் வாய் ஓயாத மனுஷர். எண்களுக்கு நடுவே எதையாவது செருகுவார், அக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவார். என் வீட்டுக்காரர் ஒரு மாதத்தில் என்னிடம் பேசுவதை அவர் ஒரு கட்டு ரசீதுக்குள் பேசிவிடுவார். எனக்குப் பொறாமைதான். அதை ஏன் மறைக்க வேண்டும்?

இரண்டாயிரத்து எட்டில் கரண்டு போகத் தொடங்கியது. போனால் வருகிற நேரம் யாருக்கும் தெரியாது. முதலாளி ராஜேஷ்குமார் பேட்டரியில் ஓடட்டும் என்று சின்னச் சின்ன லேப்டாப்புகளை வாங்கிப் போட்டார். கீபோர்டு சோப்புப் பெட்டி அளவுக்குச் சுருங்கியிருந்தது. வலது பக்கம் எண்களுக்கென்று இருக்கிற தனிக் கட்டத்தையே காணோம்.

"சோத்துக் கையக் கட்டிப் போட்டுட்டு வேகமா அடிங்கிறீங்களேண்ணே" என்று அக்கா முதலாளியிடம் சண்டைக்குப் போனார்.

வழியையும் அவரே கண்டுபிடித்தார். எழுத்துக் கீகள் சிலவற்றின் மூலையில் பொடிப்பொடியாக நீல எண்கள் இருந்தன. நம்லாக் என்கிற கீயைப் போட்டுவிட்டால் அந்தக் கீகள் எழுத்தை விட்டுவிட்டு எண்ணாகிவிடும். வரிசை கொஞ்சம் சாய்ந்து கிடந்ததால் முதலில் விரல் தடுமாறியது. அண்ணன் பொறுமையாக வாசிக்க வாசிக்க, தீபாவளிக்குள் பழைய வேகம் வந்துவிட்டது. எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்ததும் அக்காதான்.

அதற்குப் பிறகுதான் அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாசித்து வாசித்துக் கட்டியிருக்கும் என்று நாங்களே கேலி செய்தோம். அது புற்று. ஆபரேஷனில் குரலையே எடுத்துவிட்டார்கள். ஊரில் எத்தனையோ உம்மணாமூஞ்சிகள் நன்றாக இருக்க, இந்த வாயாடி மனுஷனுக்கா இது வர வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆஸ்பத்திரியில் அட்டையில் பேனாவால் எழுதிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். எழுத்திலும் அதே குறும்பு. ஆனால் காய்ச்சல் கண்டு வலது கையில் டிரிப்ஸ் ஏற்றத் தொடங்கியதும் கை வீங்கிப்போனது. பேனா நிற்கவில்லை. "சைகை பாதிக்கு மேல எனக்குப் புரியல, அன்னம். அவரு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டாரான்னு இருக்கு" என்று அக்கா என்னிடம் போனில் அழுதார்.

வேலையை விட முடியாததால் லேப்டாப்பைக் கட்டிலோரம் வைத்துக்கொண்டு, தானே பார்த்துத் தானே அடித்துக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் மாத்திரை வாங்கக் கீழே போய்விட்டு வந்தவர், எண் அடிக்கிற இடத்தில் ஒரு வரி முழுக்க எழுத்தும் எண்ணும் கலந்து குப்பையாகக் கிடப்பதைப் பார்த்தார். அண்ணனின் இடது கை கீபோர்டு மேல் கிடந்தது. "கைய வச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று செல்லமாகக் கடிந்துகொண்டு, கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துவிட்டு அந்த வரியை அழித்தார். அப்போதே நர்ஸ் ஊசி போட வந்தாள். அண்ணன் தூங்கிப்போனார். மறுநாள் காலையில் மூச்சு நின்றுவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து அக்கா திரும்பவும் ஆபீசுக்கு வந்தார். வாசிக்க ஆள் இல்லை. நான் வாசிக்கிறேன் என்றேன். தமிழ் எண்ணுக்கு விரல் தயங்கியது. இருந்தாலும் ஒப்பேற்றினோம். ஒரு நாள் முகவரி ஒன்றை அடிக்க வேண்டியிருந்தது. அக்கா நம்லாக்கை எடுக்க மறந்து ஊர்ப் பெயரை அடித்துவிட்டார். திரையில் எழுத்தும் எண்ணுமாகக் கலந்து விழுந்தது. எங்களுக்கு இது தினம் நடக்கிறதுதான். நான் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் நம்லாக் கீயின் மேல் விரலை வைத்தார்.

"அன்னம், அன்னைக்கு அவரு கை தெரியாம படலடி. நான் நம்லாக்கப் போட்டு வச்சிட்டுப் போயிருந்தேன். கண்ணாடியும் போடல அவரு, என்ன விழுகுதுன்னு தெரிஞ்சிருக்காது. பேசிருக்காருடி. எங்கிட்டப் பேசிருக்காரு. நான் குப்பைன்னு அழிச்சுட்டேன்."

எந்த ரசீது எண்ணை எப்போது கேட்டாலும் சொல்கிற அக்காவுக்கு அந்த வரியில் ஒரு எழுத்துகூட ஞாபகத்தில் இல்லை. மறுபடி மறுபடி கண்ணை மூடிப் பார்த்தார். விரலைக் கீபோர்டில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

எனக்குப் பயமாகிவிட்டது. ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டுமே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "பெருசா என்னக்கா சொல்லிருக்கப் போறாரு? தொண்டை வறண்டிருக்கும், தண்ணி வேணும்னு கேட்டிருப்பாரு. நீங்களா ஏன் எம்புட்டோ நெனைச்சுக்கிறீங்க?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணிதான் கேட்டாருன்னா, அதையும் நான் குடுக்கலையேடி" என்றார்.